எழுப்பாமல் விட்ட காமன்

அச்சகக்காரர் எங்களைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். இலங்கை மலையகத்து ஹட்டனில் கல்யாணக் கார்டும் திருவிழா நோட்டீசும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த சின்ன அச்சகம் அது. என் கணவர் துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காகிதக் கட்டை அவர் பிரித்தார். நாலைந்து தாள்களைப் புரட்டினார். பிறகு அப்படியே மேசையில் வைத்துவிட்டார்.

"கவிதையெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இது புத்தகம் இல்லீங்களே. எது முன்னுக்கு வருது, எது பின்னுக்கு வருதுன்னு அடுக்கிக் கொண்டாங்க. எங்கிட்ட ஈய எழுத்து குறைச்சல். எட்டுப் பக்கம் கோத்து அடிச்சு முடிச்சு, அதே எழுத்தப் பிரிச்சுத்தான் அடுத்த எட்டுப் பக்கத்தக் கோக்கணும். பொறகு வந்து இத அங்க மாத்து, அத இங்க மாத்துன்னு நின்னீங்கன்னா என்னால ஆகாது."

எனக்குச் சுருக்கென்றது. சண்டை பிடிக்க வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நாங்கள் கொண்டுபோனது வெறும் கட்டுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கணவர் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டே வந்தார். வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் இறங்கி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் வரைக்கும் ஏறுவதற்குள் அங்கங்கே கல்லில் உட்கார்ந்து எழுந்தார்.

அவர் என் மாமன் மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எனக்கு மாமாதான். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதில் சலிக்கிற அறையில் அவருக்கு வேலை. காய்ந்த தேயிலையைச் சல்லடையில் விட்டு, இலை வேறு, தூள் வேறு என்று பிரிக்கும் இடம். அந்தத் தூசி மூக்கில் போய், நெஞ்சில் போய், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது. அங்கிருந்து அனுப்பும்போது டாக்டர் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு நான் டீச்சர். படித்தவளுக்கு இப்படிச் சொன்னால் புரியும் என்று நினைத்திருப்பார். புரிந்தது.

எங்கள் ஓட்டுரிமையைப் பறித்துவிட்டு, நீங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று எங்களையே கேட்க ஆரம்பித்த காலத்தில்தான் அவர் எழுதத் தொடங்கினார். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் தாளின் ஓரங்கள், என் வகுப்புப் பிள்ளைகளின் பழைய சோதனைத் தாள்களின் முதுகு, எது கிடைத்தாலும் அதில் எழுதுவார். எழுதி முடித்ததும் சுவரில் தொங்கிய வளைந்த கம்பியில் குத்திவிடுவார். ஸ்டோரில் துண்டுச் சீட்டுகளைக் குத்தி வைப்பது அப்படித்தான். புதியது மேலே, பழையது அடியில். பதினைந்து வருஷத்துக் கவிதை அந்தக் கம்பியில் தொங்கியது. அடுப்புப் புகை பட்டுப் பட்டு அடித் தாள்கள் மஞ்சளித்துக் கிடந்தன.

பேர் வாங்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"லயத்துல ஒவ்வொரு காம்பராவுலயும் சாமி படம் இருக்குதானே புள்ள? அதுக்குப் பக்கத்துல நம்ம ஆளுங்களப் பத்தி எழுதுன ஒரு புத்தகம் இருக்கணும். அத நான் கண்ணால பாக்கணும்."

பார்க்கணும் என்று அவர் சொன்ன விதத்தில் தெரிந்தது, டாக்டர் என்னிடம் சொன்னது அவருக்கும் எப்படியோ எட்டியிருக்கிறது. அச்சுக்கூலிக்கு நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோரும் படுகிற பாடு.

அடுக்குகிற வேலையை அவர்தான் முதலில் தொடங்கினார். தொடங்கியவர் ஸ்டோர் புத்தியைக் காட்டிவிட்டார். நீளமான கவிதைகள் ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், நாலு வரி, மூன்று வரித் துணுக்குகள் கடைசியில். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன மாமா, பெரிய இலை, சின்ன இலை, டஸ்ட்டா? பெட்டி கட்டி லண்டனுக்கு அனுப்பப் போறீங்களா?"

"அப்ப நீ அடுக்கு. டீச்சர்தானே?"

நான் டீச்சராகவே அடுக்கினேன். கொழுந்து பற்றியது எல்லாம் ஒன்றாக, மழை ஒன்றாக, சாமி ஒன்றாக, சாவு ஒன்றாக. ஒவ்வொரு கட்டுக்கும் மேலே ஒரு தலைப்புச் சீட்டு. அவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார். மழைக் கட்டு முடிவதற்குள் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. "மழையா பெஞ்சு நனைஞ்சு போச்சு புள்ள. முடிவுல பரீட்சை வைப்பியா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு மழைக் கவிதைக்குப் பக்கத்தில் இன்னொரு மழைக் கவிதையை வைத்தால் இரண்டும் செத்துப் போகின்றன. அதே மழைக் கவிதையைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக் கவிதைக்கு அடுத்து வைத்துப் பார்த்தேன். ஈரக் கொழுந்துக்கு எடை கழிக்கிற கணக்கப்பிள்ளையின் முகம் அதில் தெரிந்தது. எங்கள் மகளைப் பற்றிய கவிதைக்கு அடுத்து வைத்தேன். அப்போது அது மண்ணுக்குள் இறங்குகிற மழையாகிவிட்டது. ஓர் எழுத்தும் மாறவில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் மாறியது. எனக்குப் பயமாக இருந்தது.

மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே பெண். நான் பள்ளிக்கூடம் போகும்போது அவளைப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற அந்த அறையில், விட்டுவிட்டுப் போவேன். பேச்சு வரத் தொடங்கிய வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் தண்ணீர் மருந்து கொடுத்தார். அவ்வளவுதான். ஆற்றோரத்துத் தேயிலைக்குக் கீழே அவளைப் புதைத்தோம். செடிகளைக் கட்டையாக வெட்டிவிடும் கவாத்து வருஷத்தில் அங்கே போனால் எந்த இடம் என்று எனக்கே தெரியாது. அவர் அவளுக்காக நீளமாக ஒரு புலம்பல் எழுதினார். அது இப்படித் தொடங்கும்:

வெந்நீர் காஞ்சிருக்கு மகளே,
குளிக்க நீ வரவில்லை.
பிள்ளைக் காம்பரா திறந்திருக்கு மகளே,
தூக்கிப்போக நீயில்லை.

எங்கள் வீடு என்பது ஒரே காம்பரா. அதன் தரை முழுக்கக் கவிதை. காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு கல், ஒரு டம்ளர். அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் தாண்டித் தாண்டிப் போவேன். அப்படி இருந்தபோதுதான் காமன் கூத்து மாஸ்டர் வந்தார். மாசி மாதக் கூத்தில் வருஷா வருஷம் ரதி வேஷம் கட்டுவது என் கணவர்தான். வரப்போகும் மாசியில் முடியுமா என்று கேட்டுப் போக வந்திருந்தார் மாஸ்டர். வாசலிலேயே நின்று இருமலைக் கேட்டார். பதில் தெரிந்துவிட்டது. எதையும் மிதிக்காமல் பின்னால் நகர்ந்து போய்விட்டார்.

அவர் போன பிறகு எனக்குச் சட்டென்று பட்டது.

"மாமா, காமன் கூத்து வரிசையில வச்சா என்ன?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். வெகுநாளைக்குப் பிறகு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் பார்த்தேன்.

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக அந்த வரிசையைச் சொல்ல வேண்டும். மாசி அமாவாசை கழிந்ததும் பொட்டலில் கம்பம் ஊன்றுவோம். அந்தக் கம்பம்தான் காமன். அடுத்து ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம். பிறகு மன்மதன் சிவனுடைய தவத்தைக் கலைக்கப் புறப்படுவான், போகாதே என்று ரதி மறிப்பாள், கேட்காமல் போவான். பௌர்ணமியில் சிவன் அவனை எரிப்பார். கம்பத்தைக் கொளுத்துவோம். ரதி புலம்புவாள், லயமே அழும். மூன்றாம் நாள் காமனை எழுப்புவோம். எங்கள் ஆட்களில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்த வரிசை தெரியும். முன்னுரை வேண்டாம், விளக்கம் வேண்டாம். புத்தகத்தை விரித்ததும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வார்கள்.

ஒரே நாளில் எல்லாம் இடம் பிடித்துக்கொண்டன. காடு வெட்டித் தேயிலை நட்டவர்களைப் பற்றியது கம்பம் ஊன்றும் இடத்துக்குப் போயிற்று. என்னைப் பெண் பார்க்க வந்து வழுக்கி விழுந்ததை எழுதியிருந்தார், அது கல்யாணத்துக்கு. வேலைநிறுத்தம், துரை பங்களாவுக்கு முன்னால் போய் நின்றது, இதெல்லாம் தவம் கலைக்கப் போவது. ரதி மறிக்கிற இடத்துக்கு எதுவும் இல்லையே என்று தேடினோம். வேலைநிறுத்தத்தின்போது நான் அவரைத் திட்டியதை அவர் அப்படியே எழுதி வைத்திருந்தது கிடைத்தது. எரிகிற இடத்தில் குடியுரிமைக் கவிதையை வைத்தோம்:

பிறந்த ஊர் எது என்றார்.
மலையைக் காட்டினேன்.
அது துரையுடைய மலை என்றார்.
புதைக்கப் போகும் இடத்தைக் காட்டினேன்.
அதற்கும் ஒரு நம்பர் சொன்னார்.

அதற்கடுத்து மகளின் புலம்பல். அதற்கடுத்து ஒன்றுமில்லை. தரையில் சிரட்டையும் கல்லும்தான் கிடந்தன. கம்பியில் ஒரு தாளும் மிச்சமில்லை. எழுப்புகிற கவிதை என்று அவர் ஒன்றுகூட எழுதியதில்லை.

"ஒண்ணு எழுதுங்க மாமா" என்றேன்.

"என்னத்த எழுப்ப?"

"எதையாவது. நாலு வரி போதும்."

"நாலு வரியில யார எழுப்புறது? ஓட்டயா, ஊரையா? இல்ல அவள எழுப்பவா? எழுப்பி எங்க நிறுத்துறது புள்ள?"

காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். எங்கள் காம்பராவிலும் அதுதான் நடந்தது. அவர் எரிந்த கட்சி, நான் எரியாத கட்சி. சோறு போடும்போதும் சண்டை, மருந்து ஊற்றும்போதும் சண்டை. கூத்து என்றால் கூத்து மாதிரி முடிய வேண்டும் என்று நான் சொன்னேன். இது கூத்து இல்லை, நடந்தது என்று அவர் சொன்னார். அவளை ஒருமுறை காகிதத்திலாவது எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. நான் பெற்றவள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் இன்னும் பிடிவாதமாக மறுத்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

இதற்கிடையில் அச்சு நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைகளில் நான் ஹட்டனுக்குப் போய் அடுத்த எட்டுப் பக்கத்தைக் கொடுத்து, அடித்து முடித்ததைப் பார்த்துவிட்டு வருவேன். கம்பம் ஊன்றியாயிற்று, எழுத்தைப் பிரித்தார்கள். கல்யாணம் முடிந்தது, எழுத்தைப் பிரித்தார்கள். கடைசி எட்டுப் பக்கத்தில் எரிந்ததும் புலம்பலும் போக, ஒரு பக்கம் மீதி இருந்தது. அச்சகக்காரர் கேட்டார், "இதுல ஏதும் போடணுங்களா, இல்ல சும்மா ஒரு பூப் படம் வச்சு விடவா?"

ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரம் அவர் முயற்சி செய்தார். என் மனசுக்காகச் செய்தார். தாளின் தலையில் 'எழுந்திரு' என்று எழுதினார். மறுநாளும் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அதற்கு மறுநாள் அதையும் அடித்துவிட்டுத் தாளை என்னிடம் கொடுத்தார். எலும்பு தெரிகிற கையால் கொடுத்தார். சரி மாமா, எரிந்த கட்சியே ஜெயிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அச்சகக்காரர் அந்தப் பக்கத்தில் பூ வைத்துவிட்டார்.

புத்தகம் தை மாதக் கடைசியில் வந்தது. சாக்கில் கட்டி ஆள் வைத்துத் தூக்கி வந்தோம். மெல்லிய நீல அட்டை, உள்ளே மை இன்னும் மணத்தது. அவர் ஒன்றை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை விரலால் ஓட்டிப் பார்த்தார். "ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நிக்குது புள்ள. ஒண்ண உருவுனா மத்தது விழுந்துடும்" என்றார். சந்தோஷமாக இருந்தார். அதை நான் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போய்க் கொடுத்தோம். யாரிடமும் காசு கேட்கவில்லை. பெண்கள் கை கழுவிவிட்டு வந்து வாங்கினார்கள். சிலர் அட்டைக்கு மஞ்சள் தடவினார்கள். நாங்கள் திரும்பி வரும்போதே சில காம்பராக்களில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் நீல அட்டை தெரிந்தது. அவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

டவுனில் ஒரு பெரிய மனிதருக்கும் ஒன்று அனுப்பியிருந்தோம். பத்திரிகைகளில் எழுதுகிறவர். அவரிடமிருந்து பதில் சீக்கிரமே வந்தது. தொகுப்பின் அமைப்பு புதுமையானது, போலி நம்பிக்கை எதுவும் காட்டாமல் சாம்பலில் முடித்திருப்பது துணிச்சல் என்று பாராட்டியிருந்தார். என் கணவர் அதை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். நான் படித்தேன்.

லயத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் சாயந்தரம் சத்தமாகப் படிப்பார்கள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கம்பம் ஊன்றும்போது தலையாட்டினார்கள். நான் திட்டிய கவிதைக்கு விழுந்து விழுந்து சிரித்து, மறுநாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்கள். அப்படியே ஒரு வாரத்தில் கடைசிக்கு வந்தார்கள். மறுநாள் காலையில் கடைசிக் காம்பராப் பெண் புத்தகத்தோடு வந்தாள்.

"டீச்சர், எங்க புத்தகத்துல கடைசித் தாளு விட்டுப்போச்சுங்க. வேற ஒண்ணு தாறீங்களா?"

"விடலயே. எல்லாம் இருக்கே."

"எழுப்புறது இல்லீங்களே."

அப்படி ஒன்று இல்லை, புத்தகம் அவ்வளவுதான் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது. என்னை ஒரு தடவை, உள்ளே படுத்திருந்தவரை ஒரு தடவை பார்த்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். சாயந்தரம் அதே புத்தகத்தைச் சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். காமன எரிச்சுட்டு எழுப்பாம விட்டா தோட்டத்துக்கு ஆகாதுங்க. சாமி படத்துக்கிட்ட வச்சுக்க பயமா இருக்கு. புள்ளைங்க இருக்கிற வீடுங்க."

அடுத்தடுத்து எல்லோரும் வந்தார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. வீசி எறிந்திருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். மஞ்சள் தடவியவர்கள் அந்த மஞ்சளோடு கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. இந்தியா, இலங்கை என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு பிரித்து முடித்திருந்தார்கள். எந்த வீட்டில் யார் போவார், யார் இருப்பார் என்று தெரியாமல் எல்லோரும் வயிற்றில் நெருப்போடு இருந்தார்கள். அந்த நேரத்தில் எரிந்து கிடக்கும் காமனை வீட்டுக்குள் வைத்துக்கொள் என்றால் யார்தான் வைப்பார்கள்? டவுன் மனிதருக்கு அது துணிச்சல். அவர் வீட்டுக் காமன் எரியவில்லை. எங்கள் ஆட்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் அந்த வரிசையில் அடுக்கினோம். நன்றாகவே விளங்கிக்கொண்டார்கள்.

மாஸ்டர் வந்து பாய் ஓரமாக உட்கார்ந்தார்.

"நாலு வரி எழுதிக் குடுப்பா. தனித் தாளுல அடிச்சு ஒட்டிடுவோம். எல்லாரும் திரும்ப எடுத்துக்குவாங்க. நான் பொறுப்பு."

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எத்தன வருசம் நான் ரதி கட்டியிருக்கேன் மாஸ்டர். எழுப்புனாலும் ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான்னுதானே சிவன் வரம் குடுக்கிறாரு? எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுதச் சொன்னா நான் எங்க போவேன்? எனக்கே ஒண்ணும் தெரியலயே."

மாஸ்டர் போனதும் அவர் என்னைக் கூப்பிட்டு, பேனா எடு, நான் சொல்கிறேன் என்றார். எடுத்தேன். ஒரு வரி சொன்னார், வேண்டாம் என்றார். இன்னொன்று சொன்னார், அடித்துவிடு என்றார். அவர் எனக்காகவும் சொல்லவில்லை, கவிதைக்காகவும் சொல்லவில்லை. திரும்பி வந்த புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தக் குவியல் அவர் படுக்கைக்கு நேரே இருந்தது, வேறு இடம் இல்லை. கடைசியில், "பொய் எழுத வரல புள்ள, விடு" என்றார். நான் விட்டேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

ஆடி மழையில் அவர் போய்ச் சேர்ந்தார். லயம் முழுக்க வந்து நின்றது, தப்படித்துத் தூக்கிப் போனார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. புத்தகத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அது மூலையில் இருந்தது. ஈரத்தில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான் அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

ரதி கட்ட ஆளில்லாமல் அந்த வருஷம் கூத்து நடக்கவில்லை. அடுத்த மாசியில் கீழ் லயத்துப் பையன் ஒருவன் ரதி கட்டுவதாக இருந்தது. அவனுக்குப் புலம்பல் வரவில்லை. என் கணவர் இத்தனை வருஷமாகச் சொந்தமாகவே பாடி வந்ததால் பழைய புலம்பல் யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. மாஸ்டரும் இரண்டு பெண்களும் வந்தார்கள். வாசலில் நின்று தயங்கினார்கள். பிறகு மாஸ்டர் சொன்னார்.

"அந்தப் புலம்பல் மட்டும் வேணுங்க டீச்சர். முழுப் புத்தகம் வேணாம். அந்தத் தாளு மட்டும் கிழிச்சுத் தர முடியுங்களா?"

ஒரு பெண் சேர்த்துச் சொன்னாள். "எங்களுக்கும் ஆளுக்கொண்ணு தாங்க டீச்சர். சாவு வீட்டுல பாடுறதுக்கு ஆகும். அவரு மாதிரி யாருக்கும் எழுத வராது."

போங்கள் வெளியே என்று கத்தினேன். அதற்கு முன்னும் பின்னும் அந்த லயத்தில் நான் அப்படிக் கத்தியதில்லை. அவர்கள் போய்விட்டார்கள். நான் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். அவர் வாசல் வாசலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தது கண்ணிலேயே நின்றது. ஒரு தாளாவது போகட்டும் என்று தோன்றியது. சாக்கை விலக்கி, அரிவாள்மணையில் நூலை அறுத்து, ஒவ்வொரு புத்தகமாகப் பிரித்தேன். புலம்பல் தாளை உருவினால் அதே காகிதத்தின் மறுபாதியில் இருந்த குடியுரிமைக் கவிதையும் கழன்று வந்தது. அது யாருக்கும் வேண்டாம். இரண்டாக வெட்டி, புலம்பலை ஒரு பக்கமும் மற்றதை அடுப்புப் பக்கமும் வைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மாஸ்டரிடம் கட்டாகக் கொடுத்தேன். அவர் கும்பிட்டு வாங்கினார்.

கூத்துப் பார்க்க நான் போகவில்லை. பௌர்ணமி கழிந்த விடியலில் பொட்டல் பக்கமிருந்து பாட்டுக் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. பெண்கள் அழுதது கேட்டது. மூன்றாம் நாள் பழைய பாட்டைப் பாடிக் காமனை எழுப்பினார்கள். தோட்டமே ஆரவாரமாக இருந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு வராத ஒரு பிள்ளையைப் பார்க்கக் கடைசிக் காம்பராவுக்குப் போனேன். முருகன் படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாளை ஒட்டியிருந்தார்கள். குங்குமம் வைத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கூத்துக்குப் பொருந்த வேண்டுமே, பென்சிலால் திருத்தியிருந்தார்கள். 'மகளே' என்று வந்த இடத்தையெல்லாம் அடித்து மேலே 'மன்னவா' என்று எழுதியிருந்தது. பிள்ளைக் காம்பரா வரி கூத்துக்கு ஆகாது, அதை முழுக்க அடித்துவிட்டார்கள்.

"எல்லா வீட்டுலயும் இருக்குங்க டீச்சர்" என்றாள் அந்தப் பெண், என்னைச் சந்தோஷப்படுத்த. "மாஸ்டரே உக்காந்து ஒவ்வொண்ணா திருத்திக் குடுத்தாருங்க."

நல்லது என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்டேன். விட்டுவிட்டது, நாளைக்கு அனுப்புகிறேன் என்றாள்.